பேசல் பாடி டெம்பரேச்சர்: "கண்விழிப்பு வெப்பநிலை"ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

அக்கா, சினைமுட்டை வெளிவந்துச்சான்னு பாக்க தினமும் எழுந்ததும் எடுக்கற பேசல் பாடி டெம்பரேச்சருக்கு (சுருக்கமா பிபிடி) தமிழ்ச் சொல் தேடறோம்ல, அதப் பத்தின உங்க மடல நேத்து பாத்தேன். "அடிப்படை உடல் வெப்பநிலை"ன்னே வச்சுடலாம், பேசல் மெட்டபாலிசத்துக்கு அடிப்படை வளர்சிதை மாற்றம்னு பாடத்துல ஏற்கெனவே பழகியாச்சு, ரெண்டும் அதே பேசல்தானேன்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான். நானும் நோயாளிங்களுக்கான கைப்பிரதிய தமிழாக்கும்போது முதல்ல அதத்தான் போட்டேன். ஆனா "அடிப்படை"ன்னதும் படிக்கிறவங்க மனசுல ஏதோ ஆரம்ப அளவு, நார்மல் அளவுன்னுதான் வருது. அது எப்ப எடுக்கற அளவுன்னு அந்தச் சொல்லுல எதுவுமே இல்லையே. இங்க விஷயமே அந்த "எப்ப"தான். தூங்கி எழுந்து, படுக்கைய விட்டு இறங்காம, ஒரு வாய் தண்ணிகூட குடிக்காம எடுக்கணும். எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து வச்சா அந்த நம்பர் வேற.

"உடல்சூடு"ன்னு எளிமையா வைக்கலாம்னு அண்ணன் சொன்னதுக்கு என் வீட்டுலயே பதில் கிடைச்சுது. "சினைமுட்டை வெளிவந்தப்புறம் உடல்சூடு கூடும்"னு எழுதின வரிய அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். உடனே "அப்ப அந்த நாள்ல வெந்தயம் ஊறவச்சு சாப்பிடச் சொல்லு, மோர் குடிக்கச் சொல்லு"ன்னாங்க. அவங்க சொன்னது தப்பே இல்ல, தமிழ்ல சூடுன்னா அதான் அர்த்தம். பப்பாளி சூடு, அன்னாசி சூடு, ராத்திரி கண்முழிச்சா சூடு, அதெல்லாம் தணிக்க வேண்டிய சூடு. நாம சொல்றது புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் மூளையில இருக்கிற வெப்பக் கட்டுப்பாட்ட கொஞ்சம் மேல தூக்கி வைக்கிறதால வர்ற ஏற்றம். அதத் தணிக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அதனால சூடு வேண்டாம், வெப்பநிலையே இருக்கட்டும்.

"காலை வெப்பநிலை"யும் சரியா வராது, நைட் ட்யூட்டி பாக்கற நர்ஸ் மத்தியானம்தான் எழுந்திருப்பாங்க, அவங்களுக்கு அந்த நேரம்தான் கணக்கு. தொடர்ந்து மூணு மணி நேரமாவது தூங்கி எழுந்திருக்கணும், அவ்வளவுதான். "ஓய்வு வெப்பநிலை"ன்னா ஈசி சேர்ல சாஞ்சுகிட்டு எடுத்தாலும் சரின்னு ஆயிடும். எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா எனக்கு மிஞ்சறது "கண்விழிப்பு வெப்பநிலை". என்ன செய்யணும்னு சொல்லே சொல்லிடுது.

ஜப்பான் உதாரணம் சொன்னீங்க, அது வலுவான வாதம்தான். அங்க "கிசோ தைஒன்"னு அடித்தளம்ங்கிற சொல்லையே நேரா வச்சிருக்காங்க, நல்லா நிலைச்சும் போச்சு. ஆனா அங்க இதுக்குன்னே பெண்களுக்கான தெர்மாமீட்டர் மருந்துக்கடையிலயே கிடைக்குது, பழக்கம் பரவலா இருக்கறதால எந்தச் சொல்லும் ஒட்டிக்கும். நம்ம ஊர்ல இத தினமும் குறிக்கிற பிபிடி சார்ட்ங்கிற பேரே குழந்தைக்காக டாக்டர்கிட்ட போறப்பதான் பல பேர் காதுல விழுது. இங்க முதல்ல சொல்லு வந்து பழக்கத்தக் கூட்டிட்டு வரணும்.

அடுத்தது பைஃபேசிக், அதாவது கோடு முதல்ல கீழயும் அப்புறம் மேலயுமா ரெண்டு கட்டமா நிக்கிற சார்ட். "இருபடி"ன்னு போட்டா பத்தாவது கணக்குல வர்ற இருபடிச் சமன்பாடுதான் நினைவுக்கு வரும். நான் சார்ட் போட்டுக்கிட்டிருந்த மாசம் கிராஃப் தாள்ல பாத்தது இது: 97.2, 97.3, 97.1, 97.2ன்னு கீழயே ஊர்ந்து வந்த கோடு திடீர்னு 97.7, அடுத்த நாள் 97.8, அப்புறம் 97.9, அதுக்கப்புறம் பன்னெண்டு நாள் மேலயே நின்னு, பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி நாள் இறங்கிடுச்சு. ஈரடுக்கு மேம்பாலம்ங்கறோமே, அதே மாதிரி ரெண்டு தளம். அதனால "ஈரடுக்கு வரைபடம்"னு வைக்கலாம், அந்தத் தாவலுக்கு "வெப்பப் படியேற்றம்". ஏற்றம் அரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவுதான், அதனால ரெண்டு தசம இலக்கம் காட்டற தெர்மாமீட்டர் இருந்தா நல்லதுன்னும் பிரதியில சேத்திருக்கேன்.

இந்தப் படியேற்றம் முட்டை வெளிவந்த பிறகுதான் தெரியும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். அதனால "கருத்தரிப்பு முன்னறிவிப்பு"ன்னு யாரும் மொழிபெயர்க்காதீங்க, தயவுசெஞ்சு. முடிஞ்சுபோனத உறுதிப்படுத்தற கருவி அது, ரெண்டு மூணு மாசம் சேத்துப் பாத்தாத்தான் அடுத்த மாசத்துக்கு ஒரு கணிப்பு கிடைக்கும்.

மேல் அடுக்கு இறங்காம 18 நாளுக்கு மேல நின்னா, நாளும் தள்ளிப்போயிருந்தா, கர்ப்பமா இருக்க வாய்ப்பு அதிகம். மாசம் ஏற ஏற உள்வெப்பம் மெல்ல இறங்கத்தான் செய்யும், ஆனா தோலுக்குப் போற ரத்தம் கூடறதால கர்ப்பிணிக்கு அனலாவே இருக்கும், ஃபேன் போதாது. தெர்மாமீட்டர் ஒண்ணு சொல்லும், உடம்பு ஒண்ணு சொல்லும். இத "கர்ப்பச் சூடு"ன்னு ஒரே சொல்லுல அடக்கினா ஆபத்து, 100.4 வந்தாலும் மாசமா இருந்தா அப்படித்தான்னு விட்டுடுவாங்க. அது காய்ச்சல், டாக்டர்கிட்ட போகணும். அதனால உடம்பு உணர்ற அந்த அனலுக்கு "அனலுணர்வு"ன்னு தனிச்சொல் வச்சிருக்கேன்.

1876லயே மேரி புட்னம் ஜேக்கபிங்கிற அமெரிக்க டாக்டரம்மா மாதவிடாயப்ப பெண்ணுக்கு கட்டாய ஓய்வு தேவையில்லன்னு எழுதின ஆய்வுக்கு ஹார்வர்டுல பாய்ல்ஸ்டன் பரிசு வாங்கினாங்க. மாதச் சுழற்சியில வெப்பம் ஏறி இறங்கறதயும் அதுல அளந்து காட்டியிருக்காங்க. இவ்வளவு காலம் ஆகியும் நம்மகிட்ட ஒரு சொல் இல்லன்னு நினைக்கிறப்ப எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கு.

பிரதியில இப்ப இருக்கிற வரி இது, வார்டுல வேலை பாக்கறவங்க யாராவது நோயாளிங்ககிட்ட வாய்விட்டுப் படிச்சுக் காட்டிட்டு எங்க தட்டுதுன்னு எழுதுங்க:

"எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்து உங்கள் கண்விழிப்பு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆறு நாளை விட மூன்று நாள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் அதுவே படியேற்றம்."