பண்டிகைப் பரிசும் பிள்ளைகளும்: மும்பை அனுபவங்கள்

பண்டிகைக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துவரும் நம் உறுப்பினர்கள், மும்பையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து தங்கள் அனுபவங்களையும் குறிப்புகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறார்கள்.

செம்பூர் உறுப்பினர்:

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளிப் புதுத்துணி கொடுக்கும் பணியை எங்கள் குடியிருப்புப் பெண்கள் சிலர் சேர்ந்து செய்து வருகிறோம். அங்குள்ளோரில் பலர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழியினர். இன்று அவர்களின் வீடுகளில் சிலர் விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார்கள், சிலர் தோல் பை தைக்கிறார்கள், பெண்கள் மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் வீட்டு வேலைக்குச் செல்கிறார்கள். பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே, அந்தப் பகுதிப் பால்வாடி (மழலையர் பள்ளி) ஆசிரியை ஒருவருடன் வீடு வீடாகச் சென்று அளவு எடுத்துக்கொள்வோம். வயதை மட்டும் கேட்டு வாங்கும் துணி பாதிப் பிள்ளைகளுக்குப் பொருந்துவதில்லை.

அப்படிச் சென்றபோது ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தனக்குக் கவுன் வேண்டாம், நீல நிறச் சுடிதார் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். "குடுக்கிறத வாங்கிக்கிடணும், வாயாடக் கூடாது" என்று அவளுடைய ஆச்சி அதட்டினார். நான் நீலச் சுடிதார் என்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நம் வீட்டுப் பிள்ளைகள் கடையில் நின்று நிறம் கேட்பதை நாம் பிடிவாதம் என்று சொல்வதில்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை கேட்டால் மட்டும் அது எப்படி வாயாடுதல் ஆகும்?

அதே சந்தில் ஒரு தாய் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதுதான் எங்கள் வழக்கத்தையே மாற்றியது. "அக்கா, பிள்ளையள மைதானத்துக்கு வரச் சொல்லி வரிசையில நிப்பாட்டிக் குடுக்காதீங்க. எங்கிட்டக் குடுத்துருங்க. தீவாளியன்னைக்கு எண்ணெ தேய்ச்சுக் குளிப்பாட்டி, நானே மஞ்சள் வச்சுப் போட்டுவிடுதேன்" என்றார். துணி எங்கிருந்து வந்தது என்பதைவிட, விடியற்காலையில் அதை யார் எடுத்து நீட்டுகிறார்கள் என்பதே பிள்ளையின் மனத்தில் நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதன்பிறகு மேடை, வரிசை, புகைப்படம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பண்டிகைக்கு முன்னரே பொட்டலங்களைத் தாய்மாரிடமோ ஆச்சிமாரிடமோ சேர்த்துவிடுகிறோம். நன்கொடை தந்தவர்களில் சிலருக்கு இது மனக்குறைதான். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் ஆசை இயல்பானதே என்றாலும், அந்த மகிழ்ச்சியின் முதல் பங்கு பெற்ற தாய்க்கே உரியது என்று அவர்களிடம் சொல்லத் தயங்குவதில்லை.

பரேல் உறுப்பினர்:

டாடா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பிற மாநிலங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து, அக்கம்பக்கத்தில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் பரிசு கொண்டு செல்கிறேன். சிகிச்சையால் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும் என்பதால், தூசி சேரும் பஞ்சுப் பொம்மைகளையும் வெளியில் செய்த தின்பண்டங்களையும் தவிர்த்து, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பொருள்களையே, அதுவும் செவிலியரைக் கேட்ட பிறகே, வாங்குவது நல்லது. பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு சிறுவனிடம் என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டேன். ரிமோட் கார் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன்; அவன் லூடோ பலகை கேட்டான். நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குப் பொழுது போகவில்லை என்பது அவன் சொன்ன காரணம். அன்றிலிருந்து இருவர் சேர்ந்து ஆடக்கூடியவற்றையே முதலில் தேடுகிறேன்.

முலுண்ட் உறுப்பினர்:

சிறார் இல்லங்களுக்குச் செல்வோருக்கு ஒரு குறிப்பு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படங்களை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. படம் கேட்கும் நன்கொடையாளர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாட்டுங்கா உறுப்பினர்:

மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கித் தர விரும்புவோர் சற்று யோசிக்க வேண்டும். சீருடை, காலணி, பை, குறிப்பேடு என 27 வகைப் பொருள்களை மாநகராட்சியே இலவசமாகத் தருகிறது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் எளிதில் கிடைக்காதவை தமிழ்க் கதைப் புத்தகங்கள்தான். ஆகவே சென்னையிலிருந்து துளிகா போன்ற பதிப்பகங்களின் சிறுவர் நூல்களை வரவழைத்து, ஆளுக்கு ஒன்றாகப் பெயர் எழுதிப் பொங்கலுக்குக் கொடுத்தோம். அவர்கள் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் படித்து முடித்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னை வழியில் நிறுத்தி, "அடுத்த தடவ பேய்க்கதை கொண்டு வாங்க மாமா" என்று கேட்டுக்கொண்டான். விடுமுறைக்குச் சென்னை செல்லும் உறுப்பினர்கள் யாரேனும் இருந்தால், பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கக்கூடிய பேய்க்கதைப் புத்தகங்களை வாங்கி வருமாறு வேண்டுகிறேன்; செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.