பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் ஸ்விஃப்ட், ஸ்டீல், அடிசன், போப்: உங்களுக்கு எப்படி அறிமுகம்?

நடைப்பித்தன்:
பாடப்புத்தக ஸ்விஃப்ட் எனக்கு ஒட்டவே இல்லை. 1710 முதல் 1713 வரை லண்டனிலிருந்து எஸ்தர் ஜான்சனுக்கும் அவர் தோழி டிங்லிக்கும் எழுதிய கடிதங்களைப் படித்த பிறகுதான் மனிதர் பிடிபட்டார். காலையில் படுக்கையிலேயே நாலு வரி, இரவு திரும்பியதும் நாலு வரி. மந்திரி வீட்டு விருந்தும் வரும், நிலக்கரிச் செலவும் வரும்.

1711 மே மாதம் நகருக்கு வெளியே செல்சியில் குடியிருக்கிறார். நகருக்குள் திருமதி வன்ஹோம்ரி வீட்டில் நல்ல அங்கியையும் பொய்முடியையும் கழற்றி வைத்துவிட்டு, பால் மால், பூங்கா, பக்கிங்ஹாம் மாளிகை வழியாக அந்தி சாயும் நேரத்தில் நடை. இரண்டு மைல், சரியாக 5,748 எட்டு என்று எழுதுகிறார். உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்று சொல்ல முடியாது, நடந்து எண்ணியிருக்கிறார்!

லண்டன் போனபோது அதே வழியில் நடந்தேன். அவர் போகும்போது வைக்கோல் மணம் வந்ததாம். எனக்கு டீசல் புகைதான் கிடைத்தது. நானும் எண்ணத் தொடங்கினேன். ஸ்லோன் சதுக்கத்துச் சிக்னலில் கணக்கு விட்டுப்போயிற்று.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எட்டுக் கணக்கு வரை ஒப்பிக்கிறவர், அந்த வீட்டு அம்மாளின் மகள் எஸ்தர் வன்ஹோம்ரியைப் பற்றி மட்டும் கடிதங்களில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இவளைத்தான் பிற்பாடு வனெஸா என்று கவிதையில் வைத்தார். அங்கி வைக்கத்தான் அந்த வீட்டுக்குப் போனாரா என்று டப்ளினில் இருந்த எஸ்தர் ஜான்சனுக்குச் சந்தேகம் வந்திருக்காதா?

மரபெஞ்சு:
அண்ணா, அதே கடிதங்களில் 1710 டிசம்பரில் அடிசனோடு நட்பு முறிகிற இடம் வருமே, கட்சி அரசியலால். படிக்கவே சங்கடமாக இருக்கும். ஸ்விஃப்ட் டோரி கட்சிப் பக்கம் போய்விட்டார், அடிசனும் ஸ்டீலும் எதிரணியான விக் கட்சி. அதற்கு முன்பு எப்படி இருந்தார்கள் தெரியுமா? 1708இல் பிக்கர்ஸ்டாஃப் என்ற கற்பனைப் பெயரில் ஸ்விஃப்ட், பார்ட்ரிட்ஜ் என்கிற பஞ்சாங்கக்காரர் இன்ன நாளில் சாவார் என்று ஜோசியம் சொன்னார். நாள் கழிந்ததும் செத்துவிட்டார் என்றே அச்சிட்டார். பாவம், அந்த ஆள் தான் உயிரோடிருப்பதாக ஊருக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. மறு வருடம் ஏப்ரலில் ஸ்டீல் 'டாட்லர்' பத்திரிகை தொடங்கியபோது அதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். கவிதைச் செய்தி வில்ஸ் காபிக்கடையிலிருந்து, அறிவுத்துறை கிரீசியனிலிருந்து, அரசியல் செய்ண்ட் ஜேம்ஸிலிருந்து என்று பத்திரிகையையே கடைவாரியாகப் பிரித்தார்.

எம்.ஏ.வில் எங்களுக்கு நோட்ஸ் எழுதவைத்தே ஸ்டீலைக் கொன்றார்கள். நூலகத்தில் தற்செயலாக அவர் மனைவிக்கு எழுதிய துண்டுச் சீட்டுகள் கிடைத்தன. நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டேன், சாப்பாட்டுக்கு வர முடியாது, கடன்காரன் தொல்லை என்று இதேதான். ஒன்றில், பென்னிக்கு ஐந்து வீதம் ஏழு பென்னிக்கு வால்நட் அனுப்புகிறேன், என் அன்புக்கு இதுவே சாட்சி என்கிறார். கீழே ஒரு பின்குறிப்பு: 29தான் இருக்கிறது. 35 இருக்க வேண்டும். ஆறு எங்கே போயிற்று என்று அந்தம்மா கேட்காமலா விட்டிருப்பார்! அன்றிலிருந்து நான் ஸ்டீல் கட்சி.

கோட்டைவாசல்:
நான் அடிசனை மெட்ராஸில் பிடித்தேன். வேறு வேலையாக புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநர்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாமஸ் பிட்டுக்கு அடுத்து 1709இல் கல்ஸ்டன் அடிசன். அந்த அடிசனா என்று தேடினால், கூடப்பிறந்த தம்பியேதான்! செப்டம்பரில் பதவி, அக்டோபரில் சாவு. அண்ணன் ஜோசப்புக்குச் சொத்து வரவேண்டும். ஆனால் மெட்ராஸிலிருந்து அந்தப் பணத்தைக் கைக்குக் கொண்டுவர வருடக்கணக்கில் இழுபறி, எதிர்பார்த்த அளவும் வரவில்லை. 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகைக் கட்டுரைகளில் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற லண்டன் வணிகர் கூடத்தைச் சுற்றிவந்து வணிகர்களைப் புகழ்வாரே, அதை இப்போது படித்தால் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகம் வருகிறது.

மரபெஞ்சு:
இது எனக்குப் புதுசு. நன்றி சார்.

ஈயெழுத்து:
என்னுடையது சின்னது. கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களுக்குப் போப் செய்த மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதிக்குமேல் தனக்கு வந்த கடிதங்களின் பின்பக்கம், ஓரங்கள்! அடித்து, திருத்தி, மேலே எழுதி. சந்தா பிரித்து அந்தக் காலத்தில் பெரும் பணம் பார்த்த மனுஷன், காகிதத்தில் இவ்வளவு கஞ்சம். ஸ்விஃப்ட் அதை வைத்தே கிண்டலடித்திருக்கிறார். எனக்கு அந்தக் கஞ்சத்தனத்தால் லாபம்தான்: ஒரு பக்கம் டிராய் யுத்தம், திருப்பினால் யாரோ நலம் விசாரிக்கிறார்கள்.