கடையை இரவு 9 மணி வரை திறந்து வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். எழுதுபொருள் கடை நடத்துகிறேன். காலை 9 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு அடைப்பது வழக்கம். ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் குனிந்து எட்டிப் பார்த்து, "ஒரே ஒரு ரீஃபில்" என்று கேட்பவர்கள் தினமும் இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஆறு மணிக்கு அடைக்கிற கடையால் என்ன பயன்?

9 மணி வரை நீட்டிக்க ஆசை. கணக்குதான் உதைக்கிறது. ஒரு மாத பில்களை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மதியம் 1 முதல் 3 வரை ஈ ஓட்டுகிறோம். 5 மணிக்கு மேல் கல்லாவை மூட நேரமில்லை. ஆனால் இரவில் வரப்போவது புதியவர்களா, பகலில் வருகிறவர்களே நேரத்தை மாற்றிக்கொள்வார்களா என்பதை பில் சொல்லாது. பின்னது என்றால் மின்கட்டணமும் கூடுதல் சம்பளமும்தான் மிச்சம்.

உதவிக்கு இருவர் இருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்க மனம் வரவில்லை. ஒருவரைக் காலையிலும் மற்றவரை மதியத்திலும் வரச் சொல்லலாம் என்று யோசனை. அப்படிச் செய்தால் இரவில் ஒருவரே பணத்தை எண்ணிப் பூட்ட வேண்டும், அதிலும் பயம்.

நேரத்தை நீட்டித்தவர்கள் எத்தனை வாரம் பொறுத்துப் பார்த்தீர்கள்? எல்லா நாளுமா, சில நாள் மட்டுமா? மதியம் அடைத்துவிட்டு மாலையில் திறந்தவர்கள் இருந்தால் அவர்கள் பதில்தான் முதலில் வேண்டும். "துணிந்து செய்யுங்கள்" என்று மட்டும் எழுதாமல் வரவு செலவோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.