பாலிஷிங் மெஷின்: 8 மி.மீ. வாங்குவதா, 15 மி.மீ. வாங்குவதா?

நண்பர்களே, ஒரு உதவி. என் கறுப்பு கார் வெயிலில் நின்றால் பெயின்ட் முழுக்கச் சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நானே பாலிஷ் போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன், மெஷின்தான் குழப்புகிறது.

ரோட்டரி, அதாவது பாலிஷ் போடும் வட்டு (பேட்) ஒரே மையத்தில் சுற்றும் மெஷின், வேகமாக வேலை செய்யும். ஆனால் ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சூடேறி, விளிம்புகளில் பெயின்ட் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டையே தின்றுவிடும். முதல்முறை மெஷின் பிடிக்கும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. அதனால் பேட் சுற்றிக்கொண்டே சிறு வட்டமாக ஊசலாடும் டியூயல் ஆக்‌ஷன்தான். அதில் ஊசலாடும் வட்டத்தின் அகலம் 15 மி.மீ. உள்ளதை வாங்கினால் பானட், கூரை சீக்கிரம் முடியும், சரி. பம்பர் வளைவுகளில் அழுத்தினால் பேட் சுற்றாமல் நின்றுவிடுமா? அங்கே 8 மி.மீ. தேவலையா? அப்புறம், கைப்பிடி ஓரங்களுக்கு 3 அங்குல பேட் போதுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.