தந்தைக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை: பணத்திற்கு என்ன வழி?

கேள்வி (அருப்புக்கோட்டை வாசகர்):
கைத்தறி நெசவாளரான என் தந்தைக்கு வயது 54. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அவருடைய இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது என்றும், அதை மாற்றியே ஆக வேண்டும் என்றும் மருத்துவர்கள் கூறிவிட்டனர். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய் ஆகும் என எழுதிக் கொடுத்துள்ளது. எங்களிடம் இருப்பது அம்மாவின் எட்டுப் பவுன் நகையும் ஓட்டு வீடும்தான். வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் சித்தப்பா. நான் நூற்பாலையில் வேலை செய்கிறேன். எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமலே விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வீட்டைப் பற்றிய பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அட்டை இல்லையென்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்திற்குச் செல்லுங்கள். முக்கியமானது ஒன்று: அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை வழியாக ஒப்புதல் பெற வேண்டும், நாமே பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் திட்டம் அன்று இது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், அந்த மருத்துவமனை இத்திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள். இல்லையென்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் இதய அறுவை சிகிச்சைப் பிரிவை அணுகலாம். அங்கே காத்திருக்க நேரலாம் என்பதால், எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
மேற்கண்டதில் அடங்காத தொகைக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை மருத்துவமனைக்கே செல்லும். முடிந்துபோன சிகிச்சைக்குக் கிடைக்காது. எனவே மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வந்தவுடனேயே எழுதிவிடுங்கள். ஆலையில் உங்களுக்கு வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்கள் என்றால், பெற்றோரின் பெரிய அறுவை சிகிச்சைக்காக அதிலிருந்து முன்பணம் எடுக்க முடியும். நகையை விற்க வேண்டாம். அடகுக் கடைக்கும் போக வேண்டாம். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். மீட்டர் வட்டிக்காரரிடம் மட்டும் கை நீட்டிவிடாதீர்கள்.

மறுமொழி 3:
என் மனைவிக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தது. எங்களை நெருக்கியது வீடு திரும்பிய பிறகு வந்த செலவுதான். உலோக வால்வு வைத்தால் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரையும், அதன் அளவைச் சரிபார்க்க இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனை அடிக்கடியும் தேவைப்படும். திசு வால்வில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து, மறுபடியும் மாற்ற வேண்டிவரலாம். எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாதந்தோறும் ஆகும் செலவையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையையும் சோதனையையும் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிப் பெறப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்காகப் பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேரச் சில மாதங்கள் ஆகும் என்பதால், அதுவரை உங்கள் தந்தை தறியில் உட்கார முடியாது. நகைக்கடனில் ஒரு பகுதியை அந்த மாதங்களின் அரிசி, மளிகைக்கும் மதுரைக்குப் போய்வரும் செலவுக்கும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.