சாரசீனியா பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்த்தவர்கள் உண்டா?

வணக்கம். என் சாரசீனியா (குடுவை போன்ற இலைகளால் பூச்சி பிடிக்கும் செடி) முதல்முறை பூத்திருக்கிறது. பூ தலைகீழாகத் தொங்குகிறது. சூலகத்தண்டின் நுனி, மல்லாத்திய குடை போல விரிந்து, உதிரும் மகரந்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. குடையின் ஐந்து முனைகளில்தான் சூலகமுடிகள் (மகரந்தத்தை ஏற்கும் பகுதிகள்), மிகச் சிறியவை! தேனீ முனையை உரசியபடி நுழைந்து, இதழைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அதனால் சொந்த மகரந்தம் சூலகமுடியில் ஒட்டுவது குறைவு. அழகான ஏற்பாடுதான், ஆனால் என் செடி வீட்டுக்குள் இருக்கிறது, தேனீ வராது.

தூரிகையால் முயலலாமென்று இருக்கிறேன். பூ விரிந்து எத்தனையாவது நாள் சூலகமுடி தயாராகும்? ஒரே செடியின் மகரந்தத்தில் நல்ல விதை கிடைக்குமா? விதை பிடிக்கவிட்டால் புதுக் குடுவைகள் குறையுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் ரொம்ப நல்லது.