தாராவி ராப் மேடைக்கு ரெண்டு மானிட்டரும் ஒரு டிஐ பாக்ஸும் தேவை

தாராவி, சயான், மாட்டுங்கா மக்களே, வணக்கம். சாதியையும் குடிசை இடிப்பையும் விடாம பாடுற நம்ம பசங்க வர்ற ஞாயிறு சாயங்காலம் மேடை ஏறுறாங்க. ஒவ்வொரு வரியும் கடைசி வரிசை வரைக்கும் தெளிவா விழணும்.

மெயின் ஸ்பீக்கர், மிக்சர், 4 மைக் தயார். லேப்டாப்ல இருந்து பீட்டை நேரா மிக்சருக்குக் கொடுத்தா சார்ஜர் வழியா இரைச்சல் ஏறும். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவுல மாட்டுற சின்னப் பெட்டிதான் டிஐ பாக்ஸ். அதுல கிரவுண்ட் லிஃப்ட் (கேபிள் வழியா வர்ற எர்த் இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டா பெரும்பாலும் நின்னுடும். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம்.

மானிட்டர்தான், அதாவது பாடுறவங்க பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர்தான், ரொம்ப முக்கியம். தன் குரல் தனக்கே கேக்கலைன்னா பாடுறவங்க மைக் தலையைக் கையால பொத்திப் பிடிப்பாங்க. பின்பக்கத் துளை அடைபட்டு மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுக்கும், உடனே கீச்சுன்னு ஃபீட்பேக். வரி மொத்தமும் அதுல போயிடும்.

பறைக்கு மைக் வைக்கத் தெரிஞ்ச ஒருத்தரும் வேணும். மும்பை ஈரக்காத்துல தோல் தொய்ஞ்சிடும், அடிக்கறதுக்கு முன்னாடி சூடு காட்டியே ஆகணும். மேடைக்குப் பின்னாடி நெருப்பு மூட்டாம அதை எப்படிச் செய்யலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தணும், அதனால சவுண்ட் செக் 4 மணிக்கே. வாடகை தர்றோம், எடுத்துட்டுப் போக டெம்போவும் அனுப்புறோம்.